பழைய காருக்கு எந்த ஃபேன்? டைனமோவையும் ஒரு வார்த்தை கேளுங்கள்

பழைய கார் வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால், நலம் விசாரித்து முடிப்பதற்குள் ‘உங்க வண்டி சூடேறுதா?’ என்ற கேள்வி வந்துவிடும். அதற்குப் பதிலும் தயாராக இருக்கும்: ‘அந்த இரும்பு ஃபேனைக் கழற்றிப் போட்டுட்டு எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டுங்க, அப்புறம் கவலையே இல்லை.’ நானும் இதைக் கேட்டு எலெக்ட்ரிக் ஃபேன் வாங்கக் கிளம்பியவன்தான். வாங்குவதற்கு முன் பானட்டைத் திறந்து ஒரு தடவை ஒழுங்காகப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். அதில் கதை வேறு பக்கம் போய்விட்டது.

என் வண்டி 1962 மாடல். நாலு சிலிண்டர், ஒன்றரை லிட்டர், சார்ஜிங்குக்கு டைனமோ, வாட்டர் பம்ப் மூக்கில் நாலு இறக்கை இரும்பு ஃபேன். கறாராகச் சொன்னால் ‘விண்டேஜ்’ என்பது 1930 வரை வந்த கார்களுக்கான பெயர். பேச்சு வழக்கில் தாத்தா காலத்து வண்டி எல்லாமே விண்டேஜ்தான் என்பதால் நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன். ஓடும்போது டெம்பரேச்சர் முள் நடுவில் அமைதியாக நிற்கும். நெரிசலில் பத்து நிமிடம் நின்றால் போதும், சிவப்பைப் பார்த்து நகர ஆரம்பிக்கும்.

எப்போது சூடேறுகிறது?

ஃபேனுக்கு வேலை இருப்பது வண்டி நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும்தான். மணிக்கு 50, 60 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். அதனால் காலியான சாலையில் 80இல் போகும்போது முள் ஏறுகிறது என்றால், எந்த ஃபேனை மாற்றியும் பயனில்லை. ரேடியேட்டர் குழாய்களில் உப்பும் துருவும் படிந்து பாதி அடைத்திருக்கும். அல்லது கீழ் ஹோஸுக்குள் இருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்துக் காணாமல் போய், வேகத்தில் பம்ப் உறிஞ்சும்போது ஹோஸ் சப்பையாக ஒட்டிக்கொள்ளும். இல்லையென்றால் இக்னிஷன் டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம், பின்தங்கியிருக்கும். அல்லது கார்புரேட்டர் லீனாக, அதாவது காற்று கூடிப் பெட்ரோல் குறைந்து, ஓடும். எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும் என்பார்கள். டைமிங்கும் பெட்ரோல் கலவையும் எரிகிற பக்கம். அங்கே கோளாறை வைத்துக்கொண்டு முன்னால் விசிறி வீசிக்கொண்டிருப்பது வீண் வேலை.

ரேடியேட்டர் மூடியையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு பிஎஸ்ஐ அழுத்தத்துக்கும் தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி செல்சியஸ் கூடும். 7 பிஎஸ்ஐ மூடி சரியாகப் பிடித்தால் 110 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் 100இலேயே பொங்கிவிடும். பார்ப்பவர்கள் ஃபேனைத் திட்டுவார்கள்.

என் வண்டியில் நிற்கும்போது மட்டும்தான் சூடு. ஆக, சந்தேகம் நியாயமாகவே ஃபேன் மேல் விழுந்தது. அதை உறுதி செய்ய ஒரு எளிய சோதனை உண்டு. எஞ்சின் சூடாகி, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஐடிலிங்கில் ஓடும்போது, முன்பக்கமிருந்து ஒரு நோட்டுத் தாளை ரேடியேட்டர் முகத்தில் வைத்துக் கையை எடுக்க வேண்டும். ஃபேன் காற்றை ஒழுங்காக இழுத்தால் தாள் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். நான் நடுவில் வைத்தேன்: தயங்கித் தயங்கி நின்றது, ஓரம் படபடத்தது. மூலைக்கு நகர்த்தினேன்: சரிந்து கீழே விழுந்தது.

எஞ்சினை அணைத்துவிட்டு டார்ச் அடித்து ஃபேனைப் பார்த்தேன். இறக்கையின் குழிந்த பக்கம் ரேடியேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது எஞ்சினைப் பார்க்க வேண்டியது. எனக்கு முன்னால் யாரோ வாட்டர் பம்ப் மாற்றியபோது ஃபேனைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள்! திருப்பி மாட்டினால் காற்று எதிர்த்திசையில் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. இறக்கையின் சாய்வு மாறுவதில்லை என்பதால் திசை அதேதான். ஆனால் வளைவு தலைகீழாகிவிடுவதால் தள்ளும் காற்று நன்றாகக் குறைந்துவிடும். அதனால்தான் வருஷக்கணக்கில் யாரும் கவனிக்கவில்லை.

நாலு போல்ட்டைக் கழற்றித் திருப்பி மாட்டினால் முடிந்தது என்றுதான் எடுத்தேன். கையில் வந்ததைத் துடைக்கும்போது ஒரு இறக்கையின் அடியில், ரிவெட் பக்கத்தில், முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. கீறலா அழுக்கா என்று தெரியவில்லை. அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, சில நிமிடம் ஊறவிட்டு, உலரத் துடைத்துவிட்டு, சாக்பீஸைப் பொடித்து மேலே தூவினேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் பொடியில் ஈரக்கோடு ஒன்று ஊறி எழுந்தது, ரிவெட்டிலிருந்து இறக்கையின் நடுவரைக்கும். விரிசலுக்குள் போயிருந்த மண்ணெண்ணெய் வெளியே வருகிறது. அழுக்காக இருந்திருந்தால் கோடு வந்திருக்காது.

இந்த விரிசலை வெல்டிங் வைத்துச் சரிசெய்யலாமா என்று யாராவது கேட்டால், கூடாது என்பதுதான் பதில். நிமிடத்துக்கு 4,000 சுற்றில் பிய்ந்து போகும் இறக்கை பானட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும், அல்லது ரேடியேட்டரைக் குத்தும். ஓடும் எஞ்சினை முறுக்கிப் பார்க்கும்போது ஃபேனுக்கு நேர்க்கோட்டில் நிற்காதே என்று பழைய மெக்கானிக்குகள் அதட்டுவது இதனால்தான். ஆகவே ஃபேன் மாற்றியே ஆக வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. எதை மாட்டுவது என்ற கேள்வி அப்போதுதான் நிஜமாக எழுந்தது.

இரும்பு ஃபேனின் அடிப்படைக் கோளாறு

எஞ்சினோடு சுற்றும் ஃபேன், வேலை இருக்கும்போது சோம்பேறி, வேலை இல்லாதபோது சுறுசுறுப்பு. ஐடிலிங்கில் காற்று தேவை, அப்போது மெதுவாகச் சுற்றும். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று தானாகவே வருகிறது, அப்போது பேய் மாதிரி சுற்றும். தள்ளும் காற்று சுற்று வேகத்துக்கு நேராகக் கூடும். அது தின்னும் சக்தியோ வேகத்தின் மூன்றாம் படியில் கூடும். 1,000 சுற்றிலிருந்து 4,000க்குப் போனால் காற்று நாலு மடங்கு, தின்னும் சக்தி 64 மடங்கு. ஐடிலிங்கில் 30 வாட் வாங்கும் ஃபேன் என்று வைத்துக்கொண்டால், 4,000இல் அது 1,900 வாட்டைத் தாண்டும். ஏறக்குறைய இரண்டரை குதிரைசக்தி. எதிர்க்காற்று கொஞ்சம் உதவுவதால் நடைமுறையில் இதைவிடக் குறையும். ஆனால் கணக்கின் போக்கு இதுதான்.

கடையில் கிடைக்கும் மாற்று ஃபேன்கள் பெரும்பாலும் இந்தக் கோளாறின் இரண்டாம் பாதியைத்தான் சரிசெய்கின்றன, அதாவது வேகத்தில் வீணாகும் சக்தியை மிச்சம் பிடிக்கின்றன. என் பிரச்சினை முதல் பாதி: நிற்கும்போது காற்று போதவில்லை. இதைப் பிரித்துப் பார்க்காமல் ஃபேன் வாங்கினால், தலைவலிக்குக் கால்வலி மருந்து சாப்பிட்ட மாதிரி ஆகிவிடும்.

பழையது போலவே புதியது

அதே நாலு இறக்கை ஃபேனைப் புதிதாக வாங்கிச் சரியான பக்கம் பார்த்து மாட்டுவது ஒரு வழி. எதையும் துளைக்க வேண்டாம், வெட்ட வேண்டாம், பார்ப்பவருக்கும் அசல் வண்டியாகத் தெரியும். போட்டிகளுக்குக் கொண்டுபோகும் வண்டி என்றால் இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம். ஒரே எச்சரிக்கை: பழைய ஸ்டாக் என்று சொல்லி விற்கப்படும் பயன்படுத்திய இரும்பு ஃபேனை வாங்கினால், பெயின்டைச் சுரண்டிவிட்டு அந்த மண்ணெண்ணெய்ச் சோதனையைச் செய்யாமல் மாட்டாதீர்கள். விரிசலை மறைப்பதில் புது பெயின்ட்டை மிஞ்ச ஆளில்லை.

வளையும் இறக்கை ஃபேன்

மெல்லிய ஸ்டீல் அல்லது ஃபைபர் இறக்கைகள். வேகம் கூடக்கூட நிமிர்ந்து தட்டையாகிக் காற்றைத் தள்ளுவதைக் குறைத்துக்கொள்ளும். ஃப்ளெக்ஸ் ஃபேன் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தடவை எஞ்சினை முறுக்கும்போதும் வளைந்து வளைந்து, ஸ்டீல் இறக்கைகள் ரிவெட் வரிசையில் களைத்து விரியும். ஏற்கெனவே ஒரு விரிசலைக் கையில் பிடித்துப் பார்த்தவனுக்கு இதில் ஆர்வம் வரவில்லை. சத்தமும் அதிகம். அடுத்ததைப் பார்ப்போம்.

விஸ்கஸ் கிளட்ச் ஃபேன்

எஞ்சினீயரிங் ரீதியாக எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஃபேனுக்கும் பம்ப்புக்கும் நடுவே சிலிக்கோன் எண்ணெய் நிரம்பிய ஒரு உருண்டை டப்பா. முன்னால் சுருள் வடிவில் ஒரு இரட்டை உலோகப் பட்டை. ரேடியேட்டரிலிருந்து வரும் காற்று சூடானால் பட்டை முறுக்கிக்கொண்டு ஒரு வால்வைத் திறக்கும். எண்ணெய் தகடுகளுக்கு நடுவே பாயும். ஃபேன் பிடித்துக்கொண்டு சுற்றும். காற்று குளிர்ந்தால் எண்ணெய் பின்வாங்கும், ஃபேன் நழுவி மெதுவாகச் சுற்றும். மின்சாரம் வேண்டாம், சென்சார் வேண்டாம். காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில நொடிகள் உறுமிவிட்டு அடங்கும், அது கோளாறு இல்லை.

பெரிய எஞ்சின்களில் 1960களிலேயே இது வரத் தொடங்கிவிட்டது. சின்ன நாலு சிலிண்டர் வண்டியில் இடைஞ்சல் இரண்டு. ஒன்று, இடம்: டப்பாவும் ஃபேனும் சேர்ந்து முன்பக்கம் நன்றாக நீளும், என் வண்டியில் பம்ப் மூக்குக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே அதற்கு இடமே இல்லை. இரண்டு, எடை: அதைத் தாங்கும்படி செய்யப்படாத பம்ப்பின் பேரிங் சீக்கிரமே தேய்ந்து சீல் வழியாகத் தண்ணீர் கசியும். தவிர, இதுவும் எஞ்சினோடு சுற்றுவதுதான். ஐடிலிங்கில் முழுதாகப் பிடித்தாலும் பம்ப் வேகத்தை மிஞ்ச முடியாது. அசலாகவே இது வந்த கார் உங்களிடம் இருந்தால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கிளட்ச்சைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தாலோ, சூடான எஞ்சினை அணைத்தபின் கையால் சுற்றும்போது தடையே இல்லாமல் சுழன்றாலோ மாற்றிவிடுங்கள். வாங்கி வைக்கும்போது படுக்கப்போடாமல், வண்டியில் இருப்பது போல நிறுத்தி வையுங்கள்.

எலெக்ட்ரிக் ஃபேன்

எல்லோரும் சொல்வது இதைத்தான். சொல்வதில் நியாயமும் இருக்கிறது. எஞ்சின் எந்த வேகத்தில் ஓடினாலும் இது தன் வேகத்தில் சுற்றும். நிற்கும்போது முழு வீச்சில் காற்று, ஓடும்போது ஓய்வு. காலையில் எஞ்சின் சீக்கிரம் சூடாகும், சத்தம் குறையும். மேலே சொன்ன இரண்டு கோளாறுகளையும் ஒரே அடியில் தீர்ப்பது இது ஒன்றுதான்.

சரி, அதற்கான மின்சாரத்தை யார் தருவது?

லூகாஸ் சி40 டைனமோ அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களில் பரவலாக இருந்தது. அது அதிகபட்சம் தருவது 22 ஆம்பியர். அதுவும் நல்ல வேகத்தில் சுற்றும்போது. ஐடிலிங்கில் டைனமோ தருவது பூஜ்யம். டேஷ்போர்டில் சிவப்பு இக்னிஷன் விளக்கு மினுக்குவதன் பொருளே அதுதான். அதாவது எலெக்ட்ரிக் ஃபேன் எப்போது தேவையோ, நெரிசலில் நிற்கும்போது, சரியாக அந்த நேரத்தில் டைனமோ கையை விரித்துவிடும். முழுச் சுமையும் பேட்டரி தலையில்.

இரவு நேரத்துக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஹெட்லைட், டெயில் லைட், மீட்டர் விளக்கு எல்லாம் சேர்த்து 9 ஆம்பியர். இக்னிஷன் காயிலுக்கு 3. ஒரு 12 அங்குல ஃபேனுக்கு 9. மொத்தம் 21. அரை மணி நேரம் ஊர்ந்தால் பத்தரை ஆம்பியர் மணி காலி. 45 ஆம்பியர் மணி பேட்டரியில் ஏறக்குறைய கால்வாசி. அப்புறம் சாலை கிடைத்து வேகம் எடுத்தாலும், விளக்குக்கும் காயிலுக்கும் போக டைனமோவிடம் மிஞ்சுவது பத்து ஆம்பியர்தான். அதைக்கொண்டு இழந்ததை மீட்க ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் ஓட வேண்டும். வைப்பர் போட்டால் அதுவும் போச்சு.

இதைக் காகிதத்தில் மட்டும் பார்க்கவில்லை. ஒரு நண்பரின் ஃபேனைக் கடன் வாங்கி, ரேடியேட்டருக்கு முன்னால் கட்டிவைத்து, இரவில் விளக்கையும் போட்டு ஐடிலிங்கில் ஓட்டினேன். ஃபேனை இணைத்த நொடியில் அம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் 20க்கு விழுந்து அங்கேயே படுத்துக்கொண்டது. ஹெட்லைட் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளையிலிருந்து மஞ்சளுக்குப் போனது. டெம்பரேச்சர் முள் அழகாக இறங்கியதையும் சொல்லியாக வேண்டும். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை.

கார் கம்பெனிகள் இதை எப்படிச் செய்தன என்று பார்ப்பது நல்ல பாடம். எம்ஜி பி கார் 1962இல் வந்தபோது டைனமோவும் எஞ்சினோடு சுற்றும் ஃபேனும்தான். 1967 கடைசியில், டைனமோவுக்குப் பதிலாக, ஐடிலிங்கிலும் மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டர் வந்தது. எலெக்ட்ரிக் ஃபேன் வந்ததோ 1977 மாடலில். முதலில் வருமானம், பிறகுதான் செலவு. இதற்கு எதிர் உதாரணமும் உண்டு: 1961இல் வந்த ஜாகுவார் இ-டைப், டைனமோவை வைத்துக்கொண்டே எலெக்ட்ரிக் ஃபேனோடு வந்தது. அதே காரின் 4.2 லிட்டர் மாடலில், 1964இல், டைனமோ போய் ஆல்டர்நேட்டர் வந்துவிட்டது.

ஆகவே எலெக்ட்ரிக் ஃபேன் என்று முடிவெடுத்தால், அதன் உண்மையான செலவு ஃபேனின் விலை மட்டும் இல்லை, ஆல்டர்நேட்டரும் சேர்த்தி. வெளித்தோற்றம் கெடாமல் இருக்க, டைனமோ உறைக்குள்ளேயே ஆல்டர்நேட்டர் வைத்த மாடல்களும் கிடைக்கின்றன. சில கார்களில் டாக்கோமீட்டர் டைனமோவின் பின்முனையிலிருந்துதான் இயங்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1960களின் நடுவரைக்கும் வந்த பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். ஃபேன் மோட்டாருக்கு இரண்டு வயரையும் மாற்றிக்கொடுத்தால் சரியாகிவிடும், ஆனால் எலெக்ட்ரானிக் கன்ட்ரோலர் புகைந்துவிடும். ஆறு வோல்ட் வண்டியில் அதே வாட்டுக்கு இரண்டு மடங்கு ஆம்பியர். அங்கே இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

ஆல்டர்நேட்டர் ஏற்கெனவே இருக்கிறவர்கள் தாராளமாகப் போகலாம். போகும்போது கவனிக்க வேண்டியவை, நான் மற்றவர் வண்டிகளில் பார்த்த தப்புகளிலிருந்து:

ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று இழுப்பதே நல்லது. முன்னால் நின்று தள்ளும் ஃபேன், வண்டி ஓடும்போது எதிர்க்காற்றுக்குத் தானே குறுக்கே நிற்கும். பின்னால் இடமே இல்லை என்றால் மட்டும் முன்னால். ரேடியேட்டர் பின்னல் வழியாகப் பிளாஸ்டிக் ஊசி குத்தி ஃபேனைத் தொங்கவிடும் முறை ஒன்று உண்டு. பத்து நிமிட வேலை. அதிர்வில் அந்த ஊசி குழாயை அராவி அராவி ஓட்டை போட்டுவிடும். பக்கச் சட்டங்களில் பட்டை வைத்து மாட்டுங்கள்.

மின்சாரம் பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாக நேராக வர வேண்டும். இக்னிஷன் சாவி ரிலேயைத் தட்டிவிடும் வேலையை மட்டும் செய்யட்டும். ஃபேனையே இக்னிஷன் வயரில் இணைத்தால், சாவியைத் திருப்பிய பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும் ஃபேன் ஜெனரேட்டராக மாறிக் காயிலுக்கு மின்சாரம் கொடுக்கும். எஞ்சின் அணைய மாட்டேன் என்று சில நொடி அடம்பிடிக்கும். முதல் தடவை பார்ப்பவருக்கு வண்டியில் ஏதோ ஏறிவிட்டது என்றே தோன்றும்.

தண்ணீரின் சூட்டைப் பார்த்து ஃபேனைத் தானாகப் போடும் சுவிட்ச்சின் வெப்பநிலை, ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைவிடக் கண்டிப்பாக மேலே இருக்க வேண்டும். 82 டிகிரி தெர்மோஸ்டாட்டுக்கு, 92இல் ஓடத் தொடங்கி 87இல் நிற்கும் சுவிட்ச் பொருந்தும். 80 டிகிரி சுவிட்ச் போட்டால் ஃபேன் நிற்கவே நிற்காது. சுவிட்ச்சை ரப்பர் ஹோஸுக்கு நடுவே அலுமினியக் குழாய் வைத்து மாட்டினால், அதற்குத் தனியாக ஒரு எர்த் வயர் தேவை. ரப்பர் வழியாக எர்த் கிடைக்காது என்பதை மறந்துவிட்டு ஃபேன் கெட்டுவிட்டதாக நினைத்தவர்கள் அதிகம்.

கடைசியாக ஒன்று. இரும்பு ஃபேன் கெட்டால் சத்தம் போட்டுச் சொல்லும். எலெக்ட்ரிக் ஃபேன் சத்தமில்லாமல் சாகும். ஃபியூஸ் போனது தெரியாமல் நெரிசலில் நிற்கும் பழைய எஞ்சின், ஹெட் கேஸ்கெட்டை எரித்துவிட்டுத்தான் செய்தி அனுப்பும். டேஷ்போர்டுக்கு அடியில் ஃபேன் ஓடும்போது எரிகிற சின்ன விளக்கு ஒன்றும், கையால் போடும் சுவிட்ச் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

பல இறக்கை பிளாஸ்டிக் ஃபேன், கூடவே ஒரு கூண்டு

நான் எடுத்தது இதைத்தான். ஒரே எஞ்சின் பல வருஷம் உற்பத்தியில் இருந்திருந்தால், பிந்தைய மாடல்களில் கம்பெனியே ஆறு ஏழு இறக்கை ஃபேன் மாட்டியிருக்கும். பம்ப்பின் போல்ட் துளைகள் பெரும்பாலும் அதேதான். இறக்கை கூடியதால் ஐடிலிங்கிலேயே அதிகக் காற்று. பிளாஸ்டிக் என்பதால் பம்ப் பேரிங்குக்கும் சுமை குறைவு. இறக்கைகளுக்கு நடுவே இடைவெளி ஒரே சீராக இருக்காது. அதைப் பார்த்து மட்டமான தயாரிப்பு என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், ஒரே சுருதியில் ஊளையிடாமல் இருப்பதற்காக வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். வேகத்தில் சக்தி வீணாவது என்ற கோளாறு இதில் அப்படியே இருக்கிறது, ஏன், கூடுகிறது. எனக்கு அது பரவாயில்லை. அறுபது வருஷத்து வண்டியில் நான் 4,000 சுற்றுக்குப் போவது அபூர்வம்.

வாங்கும்போது சுற்றும் திசையைப் பாருங்கள். ஒரே நீளப் பட்டை பெல்ட் எல்லாவற்றையும் சுற்றிவரும் பிற்கால எஞ்சின்கள் சிலவற்றில் வாட்டர் பம்ப் எதிர்ப்பக்கம் சுற்றும். அந்த ஃபேனைக் கொண்டுவந்து மாட்டினால் எஞ்சின் சூட்டை ரேடியேட்டர் பக்கம் ஊதும். பயன்படுத்திய பிளாஸ்டிக் ஃபேன் வேண்டாம். வருஷக்கணக்கில் சூட்டில் வெந்து மொறுமொறுப்பாகியிருக்கும், புதியதே வாங்குங்கள்.

இடைவெளி இன்னொரு விஷயம். ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே 25 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். திடீரென்று பிரேக் போட்டால் எஞ்சின் ஒரு கணம் முன்னால் சாயும். எஞ்சின் மவுன்ட் ரப்பர் பழையது என்றால் இன்னும் அதிகமாகச் சாயும். என்னுடையதில் ஒரு மவுன்ட் எண்ணெய் குடித்து ஊறி பாக்கு மென்ற வாய் மாதிரி இருந்தது. அதை மாற்றிய பிறகுதான் ஃபேனைத் தொட்டேன்.

ஆனால் பெரிய வித்தியாசம் ஃபேனால் வரவில்லை. ரேடியேட்டரின் பின்பக்கத்தை மூடி, ஃபேனைச் சுற்றி வளையமாக நிற்கும், ஷ்ரவுட் என்று சொல்லும் கூண்டால் வந்தது. ரேடியேட்டர் சதுரம், ஃபேன் வட்டம். கூண்டு இல்லாமல் ஃபேன் தனக்கு நேரே இருக்கும் வட்டத்திலிருந்து மட்டும் காற்றை இழுக்கும். நாலு மூலையும் சும்மா கிடக்கும். இறக்கை முனையைச் சுற்றிக் காற்று பின்னாலிருந்து முன்னால் வந்து அங்கேயே வட்டமடிக்கும். தாள் மூலையில் நிற்காமல் விழுந்ததற்குக் காரணம் அதுதான். எலெக்ட்ரிக் ஃபேன் வாங்கினால் கூட, முழு ரேடியேட்டரையும் மூடும் கூண்டோடு வருவதைத்தான் வாங்க வேண்டும்.

என் வண்டிக்குக் கூண்டு கிடைக்காது என்பதால் நானே செய்தேன். முதலில் அட்டைப்பெட்டியை வெட்டி அளவு எடுத்தேன். இறக்கை முனைக்கும் கூண்டு வளையத்துக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் விட்டு மாட்டி, எஞ்சினை ஓட்டி, ஒருவரை ஆக்ஸிலரேட்டரைத் தட்டிவிடச் சொன்னேன். சரக்கென்று ஒரு சத்தம். கழற்றிப் பார்த்தால் அட்டையின் வலது மேல் ஓரத்தில் நிலா பிறை மாதிரி ஒரு வெட்டு. எஞ்சின் முறுக்கத்தில் அந்தப் பக்கம் சாய்கிறது. அட்டையாகப் போனதால் நல்லதாகப் போயிற்று. அடுத்த அட்டையில் இரண்டு சென்டிமீட்டர் விட்டேன், தொடவில்லை. அந்த அளவில் அலுமினியத் தகட்டில், மேலும் கீழுமாக இரண்டு துண்டாக வெட்டி மாட்டினேன். ஒரே துண்டாகச் செய்தால் பெல்ட் மாற்றும்போதெல்லாம் ரேடியேட்டரைக் கழற்ற வேண்டிவரும். இறக்கையின் ஆழத்தில் பாதி கூண்டுக்குள், பாதி வெளியே. முழுவதும் உள்ளே போய்விட்டால் காற்று பக்கவாட்டில் சிதற வழியில்லாமல் திணறும். ரேடியேட்டரின் இரண்டு பக்கமும், மேலேயும் இருந்த சந்துகளை ஸ்பான்ஞ்சு பட்டை வைத்து அடைத்தேன். இல்லாவிட்டால் எஞ்சின் பக்கத்துச் சூடான காற்று சுற்றி வந்து மறுபடி முன்னாலிருந்து நுழையும்.

முடித்துவிட்டுத் தாள் சோதனை. மூலையிலும் ஒட்டியது. நாலு மூலையிலும். பானட்டை மூடி இருபது நிமிடம் ஐடிலிங்கில் விட்டேன். முள் நடுவைத் தாண்டி ஒரு கோடு ஏறி, அங்கேயே நின்றது. அம்மீட்டரில் புதிதாக எந்தச் சலனமும் இல்லை. எலெக்ட்ரிக் ஃபேன் கடனாக வந்தபோது இதைவிட நன்றாகக் குளிர்ந்தது உண்மை, அதை மறைக்க மாட்டேன். ஆல்டர்நேட்டர் இருந்திருந்தால் அதையேதான் எடுத்திருப்பேன், கூண்டோடு. புதிய ஃபேனில் 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும்போது லேசான ரீங்காரம் கேட்கிறது. இரும்பு ஃபேனில் அது இல்லை. ஒரு வாரத்தில் காது பழகிவிட்டது.

மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, ‘பிளாஸ்டிக்கா தம்பி, ஒடிஞ்சிடாதா?’ என்றார். பழைய ஃபேனை எடுத்துக் காட்டினேன். சாக்பீஸ் பொடி இன்னும் ஒட்டியிருந்தது. வெயிலில் பிடித்து அந்தக் கோட்டை நகத்தால் தடவிப் பார்த்தார். ‘இதுலயா இத்தனை நாள் ஓட்டுன?’ என்று மட்டும் கேட்டார். கிளம்பும்போது, பிளாஸ்டிக்கை இரும்போடு முறுக்கினால் கொஞ்ச நாளில் அழுந்தி போல்ட் தளரும், 200 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஒரு தடவை முறுக்கிப் பார் என்றார். பார்த்தேன். நாலில் ஒன்று கால் சுற்று திரும்பியது.